தீவன வண்டி நின்றுபோனால் என்ன ஆகும்? போர் நடக்கும் ஊர்களில் விலங்குகளின் நிலையும் ஒரு நாமக்கல் கணக்கும்

ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் சாப்பிடும்? நாமக்கல் பக்கம் பள்ளிக்கூடப் பையனைக் கேட்டால்கூட சொல்லிவிடுவான்: சுமார் 110 கிராம். தண்ணீர் அதைப்போல இரண்டு மடங்கு. சித்திரை வெயிலில் இன்னும் கூடும். தீவனம் இல்லாமல் ஒரு வாரம், பத்து நாள் கோழி தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் ரெண்டு, மூணு நாள்தான்.

இந்தச் சின்ன கணக்கை அப்படியே உக்ரைனுக்கு எடுத்துப் போவோம்.

கெர்சோன் நகரத்துக்குப் பக்கத்தில் சொர்னோபாயிவ்கா என்று ஒரு ஊர். ஐரோப்பாவின் மிகப் பெரிய கோழிப்பண்ணைகளில் ஒன்று அங்கே இருந்தது. செய்திகளில் வந்த கணக்குப்படி 30 லட்சம் முட்டைக்கோழிகள், அதற்கு மேல் லட்சக்கணக்கில் இளங்கோழிகள். 2022 பிப்ரவரி 24-ம் தேதி ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. சில நாட்களிலேயே அந்த ஊர் அவர்கள் கைக்குப் போனது. சண்டையில் மின்சாரம் போனது, தீவன வண்டிகள் வரும் பாதை அடைபட்டது.

30 லட்சம் கோழிக்கு ஒரு நாள் தீவனம் 330 டன். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் தினமும் சுமார் 20 டாரஸ் லாரி லோடு. தண்ணீர் 6 லட்சம் லிட்டருக்கு மேல். இதை யாராவது சாக்கில் கட்டித் தோளில் தூக்கிப்போய்ப் போட முடியுமா? கூண்டில் இருக்கும் கோழி வெளியே போய் மேய்ந்துகொள்ளவும் முடியாது. மோட்டார் ஓடாவிட்டால் நிப்பிளில் சொட்டுத் தண்ணீர் வராது. மூடிய செட் என்றால் மின்விசிறி நின்ற சில மணி நேரத்திலேயே உள்ளே இருக்கும் காற்று கெட்டுவிடும். மார்ச் மாதத்தில் அந்தப் பண்ணையின் கோழிகள் லட்சக்கணக்கில் செத்தன. குண்டு விழுந்து செத்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பட்டினி.

போரில் விலங்குகள் பற்றிய செய்தி என்றாலே இடிந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் நாய் படம்தான் நம் போனில் வருகிறது. ராணுவ வீரர் பூனைக்குட்டிக்குப் பால் ஊற்றும் ரீல்ஸ் வருகிறது. பார்த்து, ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். ஆனால் பெரும்பாலான விலங்குகளின் உயிர் போவது மூன்று இடங்களில்: தீவனம் வரும் பாதை, பூட்டிய கதவு, எல்லையில் கேட்கும் காகிதம். மூன்றுமே போர் தொடங்குவதற்கு முன்பே மனிதர்கள் முடிவு செய்துவைத்த விஷயங்கள்.

ஒரே மாவட்டம், ரெண்டு காப்பகங்கள்

பூட்டு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

கீவ் நகரத்துக்கு வடமேற்கே போரோதியன்கா. அங்கே இருந்த நாய்கள் காப்பகத்தில் போர் தொடங்கிய அன்று 485 நாய்கள் இருந்தன. ரஷ்யப் படை வந்தது. ஊழியர்கள் போய்விட்டார்கள். கூண்டுகள் திறக்கப்படவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் படை பின்வாங்கிய பிறகு தன்னார்வலர்கள் உள்ளே போனபோது 200-க்கும் அதிகமான நாய்கள் தண்ணீரும் உணவும் இல்லாமல் செத்துக் கிடந்தன. அங்கே போய்ப் பார்த்த யுஅனிமல்ஸ் அமைப்பு சொன்ன எண்ணிக்கை இன்னும் அதிகம்.

அங்கிருந்து காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர் ஹோஸ்டோமெல். போரின் முதல் நாளே ரஷ்ய ஹெலிகாப்டர்கள் இறங்கிய விமான தளம் இருக்கும் ஊர். அங்கேயும் ஒரு காப்பகம். நாய், பூனை எல்லாம் சேர்த்து 700-ஐ ஒட்டிய விலங்குகள். அதை நடத்திய ஆஸ்யா செர்பின்ஸ்காவுக்கு அப்போது 77 வயது. கிளம்பச் சொன்னார்கள். அவர் கிளம்பவில்லை. சுற்றிலும் ஷெல் விழ, கையில் இருந்ததைப் பங்கிட்டுப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார். அங்கிருந்த பெரும்பாலான விலங்குகள் பிழைத்தன.

ரெண்டு இடத்திலும் ஒரே படை, ஒரே குளிர், ஒரே தட்டுப்பாடு. ஒரு இடத்தில் சாவி வைத்திருந்தவர் உள்ளே இருந்தார். இன்னொரு இடத்தில் இல்லை. அதற்காக 77 வயது அம்மா செய்ததை எல்லாரும் செய்யணும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. குழந்தை குட்டியோடு இருப்பவர் ஓடத்தான் வேண்டும். போவதற்கு முன்னால் கதவைத் திறந்துவிட்டுப் போவதா, இல்லையா என்ற முடிவு எடுக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் யார் முடிவெடுப்பது என்பதை முன்கூட்டியே யாரும் எழுதிவைக்கவில்லை.

'மாணவர் வரலாம்... நாய்?'

இப்போது காகிதத்துக்கு வருவோம். உக்ரைனில் மருத்துவம் படித்த இந்திய மாணவர்களை அழைத்துவர 2022 பிப்ரவரி கடைசியில் 'ஆபரேஷன் கங்கா' தொடங்கியது. 90 விமானங்கள், சுமார் 22,500 பேர். தமிழ்நாட்டு மாணவர்கள் மட்டும் 1,900 பேருக்குப் பக்கம். சேலம், நாமக்கல் பக்கத்திலும் பெற்றோர் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்த நாட்கள் அவை.

அதில் சில மாணவர்கள் வளர்த்த நாயையோ பூனையையோ விட்டுவிட்டு வர மறுத்தார்கள். சமூக வலைதளத்தில் ரெண்டு அணி பிரிந்தது. 'மனுஷங்களே மாட்டிட்டு இருக்காங்க, இப்போ நாய் முக்கியமா?' என்று ஒரு பக்கம். 'குடும்பத்தில் ஒருத்தரை விட்டுட்டு வருவீங்களா?' என்று இன்னொரு பக்கம். சண்டை போட்ட பலருக்கும் உண்மையான சிக்கல் எங்கே இருந்தது என்பது தெரியவில்லை.

சிக்கல் ரேபிஸ். வெறிநாய்க்கடி நோய் உள்ள நாட்டிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் நாயைக் கொண்டுபோக வேண்டும் என்றால் மைக்ரோசிப் வேண்டும், தடுப்பூசி வேண்டும், போட்டு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை வேண்டும், அதற்குப் பிறகு 3 மாதம் காத்திருக்க வேண்டும். குண்டு விழும் ஊரில் யார் 4 மாதம் காத்திருப்பார்கள்? போலந்து, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா போன்ற நாடுகள் இந்த விதியைத் தளர்த்தின. எல்லையைத் தாண்டி வரட்டும், ஊசியும் சிப்பும் இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டன. போருக்குத் தப்பி வந்த பல லட்சம் உக்ரைனியர்கள் மடியில் பூனையும் கையில் நாய்க் கயிறுமாக ரயிலில் இறங்கிய காட்சி சாத்தியமானது இதனால்தான். பாசம் எல்லா நாட்டு மக்களிடமும் இருக்கிறது. உக்ரைன் எல்லையில் விதி தளர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தியாவிலும் வழக்கமான விதி கடுமைதான். மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மையத்திடம் முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கிளம்பும் நாட்டின் அரசு கால்நடை மருத்துவர் சுகாதாரச் சான்று தர வேண்டும். சென்னை மாதிரி சில பெரிய விமான நிலையங்கள் வழியாக மட்டுமே கொண்டுவர முடியும். மாணவர்களின் வீடியோக்கள் பரவிய பிறகு மத்திய கால்நடை பராமரிப்புத் துறை ஒரு முறை மட்டும் சலுகை கொடுத்தது. உக்ரைனிலிருந்து மீட்கப்படுவோர் தங்கள் நாய், பூனையை முன்அனுமதி இல்லாமல் கொண்டுவரலாம், பரிசோதனை இங்கே நடக்கும் என்றது. நல்ல முடிவு. ஆனால் 'ஒரு முறை மட்டும்'. அடுத்த போருக்கு, அடுத்த மீட்பு விமானத்துக்கு மறுபடியும் யாராவது அழுது வீடியோ போட வேண்டியிருக்கும். அதோடு, டெல்லி வரை நாயோடு வந்துவிட்ட ஒரு மாணவியை ஊருக்குக் கொண்டுபோக இருந்த உள்நாட்டு விமானம், செல்லப்பிராணிக்கு அனுமதி இல்லை என்று சொன்ன கதையும் நடந்தது. போர்க்களத்தைத் தாண்டியாகிவிட்டது, டிக்கெட் விதியைத் தாண்ட முடியவில்லை!

வன்னியில் அவிழ்த்த கயிறு

நாயை மடியில் வைத்துக்கொண்டு ஓடலாம். மாட்டை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் தொலைவில் இல்லை. தாரமங்கலம் பக்கத்துப் பவளத்தானூரிலும், நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்த குடும்பங்கள். படகில் ஏறும்போது மனிதர்களுக்கே இடம் போதாது. ஆடு மாடு கரையோடு சரி.

2008 கடைசியிலும் 2009-லும் வன்னியில் நடந்தது இன்னும் பெரியது. 2009 ஜனவரி 2-ம் தேதி கிளிநொச்சி வீழ்ந்தது. மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்கால் கடற்கரைக்குத் தள்ளப்பட்டார்கள். மே 18-ல் போர் முடிந்தது. வன்னி என்பது வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் உள்ள பூமி. நம் கொங்குப் பக்கம் பட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்கவே வேண்டாம். முதல் இடப்பெயர்வில் டிராக்டரில் நெல்லும் கோழியும் ஏறின, மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தார்கள். மூணாவது, நாலாவது இடப்பெயர்வில் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

கால்நடை தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள வேதனை புரியும். கறவை மாட்டைக் கறக்காமல் விட்டால் மடி கட்டிப்போகும், மடிநோய் வரும். கன்று பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. கட்டுத்தறியிலேயே கட்டியிருந்தால் தண்ணீர் இல்லாமல் சில நாளில் முடிந்துவிடும். அவிழ்த்துவிட்டால் குளம் குட்டையில் குடித்து, வயலில் மேய்ந்து பிழைக்கும். கண்ணிவெடியில் கால் வைக்காத வரை.

தப்பி வந்த மக்கள் பெரும்பாலும் செட்டிக்குளம் பக்கத்து மெனிக் பார்ம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். 2009 டிசம்பர் வரை வெளியே போய்வரும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லை. முகாம் முழுசாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில். அதாவது, தன் மாடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக்கூட ஒரு விவசாயிக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு வருஷக்கணக்கிலும் வழி இல்லை. அதற்குள் மாடுகள் காட்டில் கலந்தன, ஈன்றன, கன்றுகள் மனித வாசனையே தெரியாமல் வளர்ந்தன. வன்னியில் மாட்டுக்குக் குறி சுடும் வழக்கம் உண்டு. அந்தக் குறிதான் உரிமைக்குச் சாட்சி. ஆனால் போருக்குப் பிறகு காட்டில் பிறந்த கன்றுக்கு யார் குறி சுட்டது? மீள்குடியேறி வந்தவர்களுக்கு மாடு என்பது வெறும் செல்லம் கிடையாது; பால், எரு, உழவு, மகளின் கல்யாணச் செலவு எல்லாம் அதுதான். நாய்க்கும் பூனைக்கும் உலகம் முழுக்க நிதி திரண்டதைப்போல வன்னி மாட்டுக்குத் திரளவில்லை.

நம் நாட்டு எல்லையிலும் இது நடக்கிறது. 2016 செப்டம்பர் 29-ம் தேதி துல்லியத் தாக்குதல் அறிவிப்பு வந்ததும் பஞ்சாபில் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்த கிராமங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். பெண்களும் பிள்ளைகளும் கிளம்பினார்கள். வீட்டுக்கு ஒரு ஆண் தங்கினார் அல்லது தினமும் திரும்பி வந்தார். எருமைக்கு யார் தீவனம் வைப்பது? முகாமில் மாட்டுக்கு இடம் இருந்திருந்தால் அந்த மனிதரும் பாதுகாப்பாக இருந்திருப்பார். விலங்கைக் காப்பாற்றும் ஏற்பாடு மனிதரையும் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட வேறு வாதம் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-ல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையில் 54-வது பிரிவு இருக்கிறது. பொதுமக்கள் உயிர்வாழத் தேவையான உணவு, பயிர், குடிநீர் அமைப்புகள், கால்நடை ஆகியவற்றைக் குறிவைத்து அழிக்கக்கூடாது என்கிறது. கவனித்தீர்களா? மாடு அங்கே உணவுப் பட்டியலில் வருகிறது. மனிதன் சாப்பிட வேண்டும் என்பதற்காக மாட்டுக்குப் பாதுகாப்பு. நாய்க்கும் பூனைக்கும் அந்த வரியில் இடமே இல்லை. இந்தியா இந்த நெறிமுறையில் சேரவும் இல்லை.

உள்ளூர் விதி? மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிகளில், இறந்த கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். கோழிக்கு 100 ரூபாய், ஆனால் ஒரு பயனாளிக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதாவது 100 கோழி. நாமக்கல்லில் ஒரு செட்டிலேயே பல ஆயிரம் கோழி இருக்கும்! இதுவும் புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் போர் கிடையாது.

போர் நம்ம ஊருக்கு வராது என்று நினைப்பவர்கள் 1942 சென்னையைக் கொஞ்சம் பார்க்கலாம். அந்த ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. சென்னை பாதி காலியானது. பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலையின் கூண்டு குண்டில் உடைந்து சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிட்டால்? நிர்வாகத்துக்கு அந்தப் பயம். மலபார் சிறப்புப் போலீஸார் வரவழைக்கப்பட்டார்கள். ஆபத்தான விலங்குகள் கூண்டுக்குள்ளேயே சுடப்பட்டன. சென்னை மீது பெரிய தாக்குதல் எதுவும் வரவே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. அடுத்த வருஷம் டோக்கியோவின் உயெனோ பூங்காவில் இதே காரணத்துக்காக யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். போர் முடிந்து, டோக்கியோ குழந்தைகள் யானை கேட்க, 1949-ல் நேரு 'இந்திரா' என்ற யானையை அங்கே அனுப்பி வைத்தது அந்தக் கதையின் மிச்சம்.

சோறு போடுவதிலும் விஷயம் இருக்கு

மீட்புக் குழுக்கள் உள்ளே போனதும் முதலில் செய்வது கட்டிப்பிடிப்பதில்லை. தண்ணீர். அப்புறம் கொஞ்சமாக உணவு. பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரேயடியாக வயிறு நிறையப் போட்டால் உடம்பின் உப்புச் சமநிலை குலைந்து அதுவே உயிரை எடுக்கும். சின்னச் சின்ன அளவாக, ஒரு நாளைக்குப் பல வேளை. மாட்டுக்கும் அப்படித்தான். பசியில் இருக்கும் மாட்டுக்கு இரக்கப்பட்டு மக்காச்சோளத்தையோ அரிசிச் சோற்றையோ அள்ளிக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். முதலில் வைக்கோல், புல்.

காஸாவில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பெட்ரோல் இல்லாமல் போனதால் கழுதை வண்டிதான் ஆம்புலன்ஸ், லாரி, டாக்ஸி எல்லாமே. மனிதருக்கே மாவு கிடைக்காத இடத்தில் கழுதைக்கு யார் தீவனம் கொண்டுவருவது? சுலாலா என்ற உள்ளூர் அமைப்பு தெருநாய்களோடு காயம்பட்ட கழுதைகளையும் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கழுதைக்குப் போடும் ஒரு கட்டுப் புல், அது இழுக்கும் வண்டியில் போகும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

நன்கொடை கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோகப் படமும் கியூஆர் கோடும் மட்டும் இருக்கும் பதிவுகளை நம்ப வேண்டாம். ஒரே நாய்ப் படம் மூணு நாட்டுப் போரில் சுற்றுவது சாதாரணம். அந்த ஊரில் பல வருஷமாக வேலை செய்யும் அமைப்பா, தீவனம் வாங்கிய கணக்கை வெளியிடுகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு

2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு சுமார் 2 லட்சம் கன அடி தண்ணீர் வந்தபோது பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் கரையோரக் குடும்பங்கள் முகாமுக்குப் போனார்கள். அது போர் இல்லைதான். ஆனால் கேள்வி அதேதான்: கல்யாண மண்டபத்தில் ஆட்டைக் கட்ட இடம் உண்டா? நாயைப் பார்த்துக்கொள்வது யார்?

உங்கள் வீட்டில் விலங்கு இருந்தால் இன்றைக்கே செய்யக்கூடியவை கொஞ்சம் உண்டு. ரேபிஸ் ஊசியை வருஷம் தவறாமல் போட்டு, அட்டையைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். விலங்கோடு நீங்களும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்று எடுத்து வையுங்கள். தொலைந்தால் உரிமை சொல்ல உதவும். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை அங்கே பூனை வளர்த்தால், மைக்ரோசிப்பும் ஊசியும் முடிந்துவிட்டதா என்று அடுத்த வீடியோ காலில் கேளுங்கள். அவசரமாகக் கிளம்ப நேர்ந்து கூட்டிப்போக முடியாவிட்டால் எதையும் கட்டிப் போட்டுவிட்டோ உள்ளே பூட்டிவிட்டோ போகாதீர்கள். கயிற்றை அவிழ்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் வைத்துவிட்டு, ஊரில் தங்குபவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்க எண் 1962.